மௌனியின் சீட்டுக்கட்டு

சீட்டு என்ற சொல்லுக்கு நம் அக்கரைப்பற்றிலே பொருள் ஒன்றன்று. பெண்களிடம் சொன்னால், மாதந்தோறும் பணம் கட்டி முறைவைத்து எடுக்கும் சீட்டு அவர்தம் நினைவுக்கு வரும். வைத்தியசாலையிலிருந்து திரும்பும் முதியவரிடம் சொன்னால், மருந்தெழுதிய துண்டைச் சட்டைப்பையிலே துழாவுவார். ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னாலோ முகம் சுளிப்பர். அவர்களுக்குச் சீட்டென்றால் சூது. அச்சுளிப்பிலே நியாயமும் உண்டு. பணம் வைத்தாடிக் காணியையும் கைப்பொருளையும் இழந்தோர் கதை எந்த ஊருக்குத்தான் புதிது?

நாம் இன்று எழுதப் புகுந்த சீட்டிலே பந்தயம் இல்லை, பணம் வைப்பதில்லை, எதிரே அமர்ந்து ஆடும் மனிதர்கூட இல்லை. கணினித் திரையின்முன் ஒருவர் தனித்திருந்து ஆடும் ஆட்டம் அது. “பிள்ளைகள் விளையாட்டுக்குப் பத்திரிகையிலே இடமா?” என்று வாசகர் கேட்கலாம். அவ்விளையாட்டு நம் குடும்பத்திலே ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நெடுநாள் பேசப்படாதிருந்த ஒன்றைப் பேச வைத்தது. மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படக்கூடிய கணக்கொன்றும் அதிலே பொதிந்திருக்கிறது. ஆதலினாலேயே எழுதத் துணிந்தோம்.

கிடைத்த கையும் கட்டிய கையும்

நம் தலைமுறையினர் அறிந்த சீட்டாட்டம் முந்நூற்று நான்கு. இலங்கை முழுவதும் பழகிய ஆட்டம் அது. ஏழு முதல் ஏஸ் வரையுள்ள 32 சீட்டுகளை வைத்து, நால்வர் இருவர் இருவராய்ச் சேர்ந்து ஆடுவர். அங்கே ராசாவுக்கும் ராணிக்கும் மதிப்பில்லை. ராசாவுக்கு 3 புள்ளி, ராணிக்கு 2. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ஓரினத்துக்கு 76 வீதம் நான்கினத்துக்கும் கூட்டினால் 304 வரும். ஆட்டத்தின் பெயரும் அதுவே. முதலில் நான்கு சீட்டுகள் கைக்கு வரும். அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைத்தபின் மற்ற நான்கும் வரும். நம் மைத்துனரும் நாமும் வயற்காவலுக்குச் சென்ற இரவுகளில் அரிக்கன் விளக்கொளியிலே இதை ஆடியதுண்டு. பணம் வைத்ததில்லை, விடியும்வரை கண்ணயராதிருக்க அது உதவியது.

அவ்வாட்டத்தின் இன்பமும் துன்பமும் ஒன்றே. கையிலே வந்தது வந்ததுதான். ஏழும் எட்டுமாய் வந்து விழுந்தால், வல்லவனும் தலையைச் சொறிய வேண்டியவனே. வந்த கையை நன்றாக ஆடுவது மட்டுமே மனிதன் செய்யத்தக்கது.

கையையே ஆடுவோன் கட்டிக்கொள்வது வேறொரு வகை. 1993ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் ‘மேஜிக்: த கேதரிங்’ எனும் ஆட்டத்தை வெளியிட்டார். அதிலே அவரவர் தமக்கு வேண்டிய சீட்டுகளைத் தேர்ந்து, குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டொன்றை வீட்டிலேயே அமைத்துக்கொண்டு வருவர். கட்டு இத்தனைக்கு மேற்படலாகாது என்ற எல்லை வழக்கமான ஆட்டத்தில் இல்லை; ஆயினும் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் 60இலேயே நிறுத்திக்கொள்வர். ஏனென்று பின்னர்க் காண்போம்.

2008ஆம் ஆண்டிலே டொனால்ட் வக்காரினோ ‘டொமினியன்’ என்ற ஆட்டத்தை அமைத்தார். கட்டுக் கட்டுவதையே அவர் ஆட்டமாக்கிவிட்டார். எல்லோரும் ஒரே மாதிரியான 10 எளிய சீட்டுகளோடு தொடங்குவர். ஆட ஆடப் புதிய சீட்டுகளை வாங்கிச் சேர்ப்பர். மறு ஆண்டு ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ப் பரிசு அதற்குக் கிடைத்தது. அவ்வாட்டத்திலே வலிமை மிக்கவற்றுள் ஒன்றெனப் பெயர்பெற்ற ‘சாப்பல்’ என்னும் சீட்டு எதையும் தருவதில்லை. கையிலுள்ள 4 சீட்டுகள் வரை நிரந்தரமாக எறிந்துவிட மட்டுமே அது உதவும். எறிவதற்கு உதவும் ஒன்று இத்தனை மதிப்புப் பெறுவது முதலிலே விந்தையாகத் தோன்றும்.

இவ்வழியிலே வந்ததுதான் நம் வீட்டுக்குள் நுழைந்த ‘ஸ்லே த ஸ்பயர்’ என்னும் கணினி ஆட்டம். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே அந்தனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இருவர் ‘மெகா கிரிட்’ என்ற பெயரில் இதனை ஆக்கினர். 2017 நவம்பரிலே முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு விட்டு, ஆடுவோர் எந்தச் சீட்டை எடுத்தனர், எங்கே தோற்றனர் என்ற தரவுகளைத் திரட்டித் திருத்தித் திருத்தி, 2019 சனவரியிலே முழுமையாக வெளியிட்டனர்.

ஒரு கூர்கோபுரம், அதன்மேல் ஏற வேண்டும். மூன்று அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கின் உச்சியிலும் ஒரு தலைவன். மூன்றாம் தலைவன் நிற்பது 50ஆம் தளத்திலே. வழியிலே எதிரிகள், கடைகள், தீ மூட்டிய தங்குமிடங்கள். சண்டை முழுவதும் சீட்டினாலேயே நடக்கும். ஒவ்வொரு முறைக்கும் கையில் 5 சீட்டு, செலவிட 3 சக்தி. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே காட்டப்படும். சண்டையிலே வென்றால் 3 சீட்டுகள் முன்னே விரியும். ஒன்றை எடுக்கலாம், ஒன்றும் வேண்டாமென்று விட்டும் போகலாம். இறந்தாலோ கட்டிய கட்டு முழுவதும் போய்விடும். மறுபடி அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பன்னிரண்டு சீட்டு

ஏறுவதற்கு நான்கு மாந்தர்கள் உண்டு. அவர்களுள் நம் மருமகனுக்கு உகந்தவள் ‘த சைலண்ட்’ என்பவள். நாம் அவளை மௌனி என்போம். குறுவாளும் நஞ்சும் ஏந்திய வேட்டைக்காரி அவள். உடல் வலிமை குறைவு, உயிர்ப்புள்ளி 70தான். தொடங்கும்போது கையிலே 12 சீட்டுகள்: 6 புள்ளி வெட்டும் வெட்டுச்சீட்டு 5; 5 புள்ளி தடுக்கும் காப்புச்சீட்டு 5; இவற்றோடு சிறப்புச் சீட்டு 2. சண்டை தொடங்கும் முதல் முறையில் மட்டும் அவளுக்கு 2 சீட்டுகள் கூடுதலாக வரும்.

இதிலிருந்து ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மாணவர்கள் தாளெடுத்துப் போட்டுப் பார்க்கலாம். முதல் முறை 7 சீட்டு. அடுத்த முறை 5. ஆக, இரண்டு முறைக்குள்ளே 12 சீட்டும் கைக்கு வந்துவிடும். கட்டிலுள்ள தலைசிறந்த சீட்டு எங்கே மறைந்திருந்தாலும் இரண்டாம் முறைக்குள் வந்தே தீரும். இப்பொழுது, கிடைத்ததையெல்லாம் சேர்த்து 30 சீட்டு வைத்திருப்பவரைப் பார்ப்போம். முதலில் 7, பின்னர் ஐந்தைந்தாய் நான்கு முறை. ஐந்து முறைக்கு 27. மூன்று சீட்டுகள் இன்னும் வெளிவரவில்லை. தலைசிறந்த சீட்டு அம்மூன்றில் ஒன்றாயிருந்தால் ஆறாம் முறைவரை காத்திருக்க வேண்டும். மௌனி அதுவரை உயிரோடிருந்தால் அன்றோ!

கட்டிலே சேர்க்கும் ஒவ்வொரு சீட்டும் மற்றெல்லாச் சீட்டுகளையும் சற்றே தள்ளிப்போடுகிறது. இதுவே இவ்வாட்டத்தின் முதற்பாடம். ‘மேஜிக்’ ஆடுவோர் 60இலே நிறுத்துவதும், ‘சாப்பல்’ சீட்டு மதிப்புப் பெற்றதும் இதனாலேயே. நம் வயற்காரருக்கு இது புதிதன்று. ஏக்கருக்கு இரண்டு புசல் விதை போதுமான வயலிலே நான்கு புசல் வீசினால், வேளாண்மை பச்சைப் பசேலென்று அடர்ந்து நிற்கும், பார்ப்பவர் மெச்சுவர். கதிர் வரும்போதுதான் கணக்குத் தெரியும்.

ஆகவே, கோபுரத்துக் கடையிலே சீட்டு வாங்கப் பொன் கொடுப்பது போலவே, சீட்டைக் கழிக்கவும் பொன் கொடுக்க வேண்டும். முதற்சீட்டைக் கழிக்க 75 பொன், அடுத்ததற்கு 100, அதற்கடுத்ததற்கு 125. தொடக்கத்திலே கைகொடுத்த எளிய வெட்டுச்சீட்டுகளையே தேர்ந்தவர்கள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கழிக்கிறார்கள். நேற்று உதவியது இன்று வழியை அடைக்கும்போது அதனைக் கழிக்கவும் ஒரு துணிவு வேண்டும்.

நஞ்சின் கணக்கு

இனி எதை எடுப்பது என்ற கேள்வி. மௌனிக்கு வழிகள் பல. இரண்டை மட்டும் இங்கே சொல்வோம்.

ஒன்று நஞ்சு. ஒரு சக்தி செலவிட்டு 5 நஞ்சு ஏற்றும் சீட்டு ஒன்றுண்டு. எதிரியின் முறை வரும்போதெல்லாம் நஞ்சின் அளவுக்கு அவன் உயிர் குறையும். பின்னர் நஞ்சு ஒன்று குறையும். 5, 4, 3, 2, 1 என்று கூட்டினால் 15. அதே ஒரு சக்திக்கு வெட்டுச்சீட்டு 6தான் வெட்டும். 5 நஞ்சின்மேல் இன்னும் 5 ஏற்றினால் 10 ஆகும். 10 முதல் 1 வரை கூட்டினால் 55. இருமடங்கு ஏற்றினோம், பயனோ மும்மடங்குக்கும் மேல். நஞ்சை இரட்டிக்கும் சீட்டொன்றும் உண்டு. 10ஐ அது 20 ஆக்கினால் கூட்டுத்தொகை 210.

கணக்கைப் பார்த்து மயங்கிவிடலாகாது. அந்த 210உம் உடனே விளைவதன்று. முறை முறையாக மெல்ல விளைவது. அதுவரை எதிரியின் அடியைத் தாங்கக் காப்பு வேண்டும். நஞ்சை மட்டும் சேர்த்தவன், எதிரிக்கு முன்னரே தான் வீழ்வான். ஆகவே நஞ்சுக்கட்டு எனப்படுவது உண்மையிலே காப்புக்கட்டு. நஞ்சு சிலவே, தாங்கும் சீட்டுகளே பல. காப்புச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி கூட்டித்தரும் ‘ஃபுட்வர்க்’ என்ற ஒரு சீட்டு, பல நஞ்சுச் சீட்டுகளைவிட நஞ்சுக்கட்டுக்கு உறுதுணை.

மற்றையது குறுவாள். சக்தி செலவின்றி எறியக்கூடிய சிறு வாள்கள். ஒன்று 4 புள்ளி வெட்டும். ஒரே சீட்டினால் மூன்று வாள் கைக்கு வரும். வாளொன்றுக்கு 4 புள்ளி கூட்டும் சீட்டு ஏற்கெனவே விழுந்திருந்தால், மூன்று வாளும் 24 வெட்டும். விரைவான வழி. ஆனால் மூன்றாம் அடுக்கிலே ‘டைம் ஈட்டர்’ என்றொரு தலைவன் நிற்கக்கூடும். நாம் 12 சீட்டு ஆடியதும் நம் முறையை அவன் முடித்துவிட்டுத் தானும் வலிமை பெறுவான். பல சிறு வாள்களை நம்பியவனுக்கு அவன் யமன்.

நஞ்சுக்காரருக்கு வரும் சோதனையோ முதல் அடுக்கிலேயே உண்டு. ‘கிரெம்லின் நோப்’ என்ற முரடன், தாக்காத திறன் வகைச் சீட்டை நாம் ஆடுந்தோறும் சினந்து 2 வலிமை ஏறுவான். நஞ்சுச் சீட்டும் திறன் வகை. காப்புச்சீட்டும் திறன் வகை. அவனிடம் வாளெடுத்து வெட்டுவதே வழி.

இதனால் விளங்குவது யாது? வேண்டாம், வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளுபவனும் தேறான். தொடக்கத்துப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முதல் அடுக்கைக் கடப்பது அரிது; அங்கே நன்றாக வெட்டும் சீட்டுகள் சிலவற்றை எடுத்தே ஆகவேண்டும். “நான் நஞ்சுக்கட்டுத்தான் கட்டுவேன்” என்று அடித்தளத்திலேயே சபதம் செய்பவனும் தேறான். நஞ்சுச் சீட்டு வரவே வராத ஏற்றங்களும் உண்டு. தேர்ந்தவர்கள் ஒவ்வொரு சீட்டின் முன்னும் கேட்பவை இரண்டு கேள்விகள்: அடுத்த சண்டைக்கு இது உதவுமா? உச்சியிலே நிற்பவனுக்கு இது உதவுமா? இரண்டுக்கும் இல்லையென்றால், எத்துணை ஒளிவீசும் சீட்டாயினும் விட்டுவிடுவர்.

இவற்றுக்கு அப்பால், எந்தக் கட்டிலும் பொருந்தும் சீட்டுகள் சில உண்டு. 5 புள்ளி தடுத்து, மேலும் 2 சீட்டைக் கைக்கு அழைத்துவரும் ‘பேக்ஃப்ளிப்’ அவற்றுள் ஒன்று. தன் வேலையையும் செய்து பிறரையும் அழைத்துவரும் சீட்டுக்கு இடம் எப்பொழுதும் உண்டு. மாறாக, சாபச் சீட்டுகளும் உண்டு. வழியிலே ஒரு பாம்பு எதிர்ப்பட்டு, “175 பொன் தருகிறேன், எடுத்துக்கொள்” என்னும். எடுத்தால் கட்டுக்குள்ளே ஒரு சாபச் சீட்டும் புகுந்துவிடும். அதன் பெயர் ‘ஐயம்’. பொன் செலவாகிவிடும், ஐயமோ சண்டைதோறும் கைக்கு வந்து நிற்கும்.

ஒரே விதை, இரண்டு கோபுரம்

2022ஆம் ஆண்டை இந்நாட்டிலே எவரும் மறவார். அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை; கடவுச்சீட்டுக்கும் வரிசை. அவ்வாண்டிலே வெளிநாட்டு வேலைக்குச் சென்றோர் தொகை 3 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் நம் மைத்துனரும் ஒருவர். கட்டாருக்குச் சென்று ஒரு பண்டசாலையிலே கணக்கெழுதும் வேலையிலே அமர்ந்தார். மகனை எப்படியும் வைத்தியனாக்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். கடன்பட்டுப் போனதும் அதற்காகவே.

தொலைபேசி உண்டு, முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் பேசுவதற்கு என்ன உண்டு? “சாப்பிட்டாயா மகன்?” “சாப்பிட்டேன் வாப்பா.” “படித்தாயா?” “படித்தேன் வாப்பா.” அத்தோடு பையன் தொலைபேசியை உம்மாவின் கையிலே கொடுத்துவிடுவான். வளைகுடாவிலே தந்தையர் உள்ள வீடுகளில் இந்த உரையாடலைக் கேட்டிராதவர் அரியர்.

மாறுதல் விதையொன்றினால் வந்தது. கோபுரம் ஒவ்வோர் ஏற்றத்திலும் புதிதாக அமையும். ஆனால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடரிலிருந்தே அது முளைக்கிறது. அத்தொடருக்கு விதை என்று பெயர். ஒரே விதையை இருவர் இரு தேசங்களிலே இட்டாலும் ஒரே கோபுரம் எழும். அதே வழிகள், அதே எதிரிகள். மருமகன் இதை அறிந்து, விதையொன்றைத் தந்தைக்கு அனுப்பி, “இதே கோபுரத்திலே நானும் ஏறுகிறேன் வாப்பா, நீங்களும் ஏறிப் பாருங்கள்” என்றான். முந்நூற்று நான்கிலே பழகிய கையல்லவா? மைத்துனர் அறையிலிருந்த பழைய மடிக்கணினியிலே தொடங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அங்கே இரவு 8 மணி, இங்கே 10.30. இருவரும் தத்தம் கோபுரத்தை ஏறியபின் தொலைபேசியிலே கதைப்பார்கள். ஐந்து நிமிடத்திலே முடிந்த பேச்சு ஒரு மணி நேரமாயிற்று. தமக்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “வாப்பாவும் மகனும் என்னத்தைத்தான் இவ்வளவு கதைக்கிறீர்கள்?” என்பாள், குரலிலே கோபம் இராது.

2024 மே மாதம் பையன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தான். பெறுபேறு வருமுன்னரே வகுப்புகள் மொய்த்துக்கொண்டன. தந்தையின் விருப்பப்படி உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். தன் விருப்பத்திலே அவனாகச் சேர்ந்தது இணைந்த கணிதம். எதற்கும் இருக்கட்டுமென்று ஆங்கிலம், கணினி. கொரியாவிலே நல்ல சம்பளம் என்று யாரோ சொன்னதால் கொரிய மொழி. வாரத்துக்கு 7 நாள், வகுப்பும் 7. ஒவ்வொன்றும் நல்லதே. பையன் மட்டும் மெலிந்துகொண்டு வந்தான்.

அந்நாட்களில் ஒரு வெள்ளியிரவு நாமும் அங்கிருந்தோம். அன்று இருவரும் மௌனியையே எடுத்திருந்தனர். இரண்டாம் அடுக்கின் உச்சியிலே ‘த சாம்ப்’ என்ற தலைவன், உயிர்ப்புள்ளி 420. அது பாதிக்குக் கீழே இறங்கியதும், தன்மேல் ஏறிய நஞ்சு முதலான தீங்குகளையெல்லாம் உதறிவிட்டுப் புதுவலிமையோடு எழுவான். தந்தையின் கட்டிலே அப்பொழுது 34 சீட்டு. நஞ்சு முழுவதையும் அவர் முதலிலேயே கொட்டிவிட்டார். சாம்ப் உதறி எழுந்தபின், அந்த 34க்குள் எங்கோ கிடந்த நஞ்சு மறுபடி கைக்கு வரவில்லை, மௌனி வீழ்ந்தாள். மகனின் கட்டிலே 19 சீட்டு. பாதிவரை வாளினால் இறக்கி, அவன் உதறி முடித்த பின்னரே நஞ்சை எடுத்தான். சிறு கட்டாகையால் வேண்டிய சீட்டு வேண்டிய பொழுதிலே வந்தது. அன்று அவன் 50ஆம் தளத்தையும் வென்றான்.

“எனக்கு வந்த சீட்டுத்தானே மகன் உனக்கும் வந்தது? எல்லாம் நல்ல சீட்டு. ஏன் விட்டாய்?” என்று மைத்துனர் கேட்டார்.

“நல்ல சீட்டுத்தான் வாப்பா. எனக்கு உதவாத நல்ல சீட்டு,” என்றான் பையன். சற்றுப் பொறுத்து, குரல் தாழ்ந்து, “வாப்பா, வகுப்பும் ஏழு இருக்கிறது. சிலதைக் கழிக்க வேணும். உயிரியலையும்,” என்றான்.

மறுமுனையிலே நெடுநேரம் பேச்சில்லை. பின்னர் மைத்துனர் சொன்னார்: “நான் இங்கே வந்து கிடப்பது அந்த ஒரு சீட்டுக்காகத்தான் மகன்.”

கழிக்க முடியாத சீட்டு

ஆட்டத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு சொல்லிலே தெரிந்தது. கோபுரத்துக் கடையிலே 75 பொன் கொடுத்தால் சீட்டுக் கழிந்தது. எவரும் அதற்காக அழுவதில்லை. நம் பிள்ளைகளின் கையிலுள்ள சீட்டுகளிலோ பிறருடைய வியர்வை ஒட்டியிருக்கிறது. உயிரியல் என்று அவன் சொன்னது ஒரு பாடத்தை; அவர் செவியிலே விழுந்தது கடனும், வெயிலும், மகன் முகம் காணாத ஈராண்டும். சீட்டைக் கழிப்பது எளிது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

அதேவேளை, தந்தை பட்ட பாட்டுக்காகவே மகன் ஏழு சீட்டையும் ஏந்திக்கொண்டு ஏறினால், எந்த ஒன்றும் உரிய பொழுதிலே கைக்கு வாராது என்பதும் கணக்கு. அன்பு பெரிதென்பதனால் கணக்கு மாறிவிடுவதில்லை.

அடுத்த வெள்ளி விதை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. பையன் ஒன்றும் பேசாமல் ஏழு வகுப்புக்கும் போய் வந்தான். “மாமா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?” என்று நம்மிடம் ஒருமுறை கேட்டான். “சொன்னது பிழையன்று, கேட்டவருக்கு நாள் வேண்டும்,” என்றோம். மூன்றாம் வெள்ளி, இஷாத் தொழுகை முடித்து நாம் தமக்கை வீட்டுக்கு வந்தபோது, பையனின் தொலைபேசியிலே எழுத்தும் எண்ணுமாய் ஒரு தொடர் வந்திருந்தது. அதன் கீழே இரண்டு வரி: “மூன்று பாடம் போதும் மகன். எந்த மூன்று என்பதை நீயே எடு.” தமக்கை அதை வாங்கி இருமுறை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

பையன் எடுத்தவை இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். கொரியமும் கணினியும் உயிரியலும் கழிந்தன. ஆங்கிலத்தை மட்டும் வார இறுதியிலே வைத்துக்கொண்டான். தன் வேலையையும் செய்து மற்றச் சீட்டுகளையும் அழைத்துவரும் சீட்டு அது என்பது அவன் கணிப்பு. வைத்தியர் ஒருவர் அவ்வீட்டிலே உருவாகப் போவதில்லை. வேறென்ன உருவாகும் என்பதற்கு ஆண்டுகள் சில கழிய வேண்டும். மைத்துனர் இழந்தது சிறிதன்று. அதை அவர் தாமே கழித்தார் என்பதிலேதான் அவர் பெருமை இருக்கிறது.

கோபுரத்தின் தங்குமிடங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லி முடிப்போம். தீயருகே அமர்ந்தால் பொதுவாக இரண்டிலொன்றே செய்யலாம். இளைப்பாறி, முழு உயிரிலே 30 விழுக்காட்டை மீட்கலாம். அல்லது கையிலுள்ள சீட்டொன்றைத் தீட்டிக் கூராக்கலாம். காயம் மிகுந்திருக்கும்போது தீட்ட அமர்பவன் அடுத்த சண்டையிலே வீழ்வான். எப்பொழுதும் இளைப்பாறுபவன் மழுங்கிய சீட்டோடு உச்சிக்குச் சென்று அங்கே வீழ்வான். மாணவர்கள் இதை மனத்திலே கொள்க. எடுத்த சிலவற்றைத் தீட்டுங்கள், இளைத்தபோது உறங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பவை யாவும் நல்ல சீட்டுகளே, அதிலே ஐயமில்லை. அவற்றுள் எது அவர்களுக்கு உதவும் சீட்டு என்பதை, ஏறுகின்ற அவர்களிடமே ஒருமுறை கேட்டுப் பார்ப்பதனால் நமக்கு ஒரு குறையும் வந்துவிடாது.